பழைய பாக்கி, புதுக் கணக்கு

ஒரு கல்லூரி மாணவர் கேட்ட கேள்வி இது: “இருநூறு வருடம் புகை விட்டுப் பணக்காரர்களான நாடுகள் இன்று நம்மைப் பார்த்து நிலக்கரியை விடு என்கின்றன. இந்தியா மாதிரி நாடுகள் முதலில் வளர்ந்துகொண்டு, காலநிலையை அப்புறம் பார்த்துக்கொண்டால் என்ன தப்பு? பேச்சுப்போட்டியில் ‘வளர்ச்சிதான் முதலில்’ என்ற பக்கம் எனக்கு விழுந்திருக்கிறது. என்ன பேசலாம்?”

கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. தொழில் எனர்ஜி ஆடிட். பவுண்டரி, ஸ்பின்னிங் மில், ஐஸ் பிளாண்ட் என்று போய், கரண்ட் எங்கே வீணாகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்லும் வேலை. அதனால் எவ்வளவு பெரிய உலகப் பிரச்சினையாக இருந்தாலும் எனக்கு அது கடைசியில் ஒரு பில்லாகத்தான் கண்ணில் படும்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று பழைய பாக்கி: வானத்தைக் குப்பைத்தொட்டியாக்கியவர் யார், அதற்காக யார் யாருக்கு என்ன தரவேண்டும் என்பது. மற்றது புதுக் கணக்கு: இனி நாம் கட்டப்போகும் மின்நிலையம், வீடு, பஸ், பம்ப்செட் எல்லாம் எப்படி இருந்தால் நமக்குக் கட்டுப்படியாகும் என்பது. முதல் கணக்கில் நியாயம் முழுக்க நம் பக்கம். அந்த நியாயத்தைக் கொண்டுபோய் இரண்டாவது கணக்கில் வரவு வைக்கும்போதுதான் தப்பு நடக்கிறது. எதிர்வீட்டுக்காரர் நமக்குப் பணம் தரவேண்டியிருக்கிறது என்பதற்காக நம் வீட்டுக் குழாயை ஒழுகவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

பாக்கியைப் பற்றி முதலில். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து இதுவரை காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்பங்கு அமெரிக்காவுடையது. ஐரோப்பாவின் பங்கும் அதை ஒட்டித்தான் வரும். உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் வாழும் இந்தியாவின் பங்கு 4 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இன்றைய கணக்கில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து நாம் மூன்றாவது இடத்தில் இருக்கிறோம் என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும். தலைக்கு வகுத்துப் பாருங்கள்: அமெரிக்கர் ஒருவருக்கு வருடத்துக்குச் சுமார் 14 டன், சீனருக்கு 8 டன், உலகச் சராசரி ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, நமக்கு 2 டன். கரண்ட் கணக்கும் அப்படித்தான். இந்தியர் ஒருவர் வருடத்துக்குச் சுமார் 1,400 யூனிட், அமெரிக்கர் 12,000 யூனிட்டுக்கு மேல்.

1992-ல் ரியோவில் கையெழுத்தான காலநிலை ஒப்பந்தமே இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொண்டது. பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் சமமல்ல என்பது அதன் அடிப்படை. அப்புறம் 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள், 2020-க்குள் வருடம் 10,000 கோடி டாலர் ஏழை நாடுகளுக்குத் திரட்டித் தருகிறோம் என்றார்கள். அந்தத் தொகை 2022-ல்தான் எட்டியது, அதிலும் பெரும்பகுதி கடன். கடனாகக் கொடுத்துவிட்டு உதவி என்று எழுதிவைப்பதை எங்கள் ஊர்க் கந்துவட்டிக்காரர்கூடச் செய்யமாட்டார். 2024-ல் பாகு மாநாட்டில் 2035-க்குள் வருடம் 30,000 கோடி டாலர் என்று முடித்தார்கள். வளரும் நாடுகள் கேட்டது 1,30,000 கோடி. முடிவு அறிவித்த பிறகு இந்தியப் பிரதிநிதி எழுந்து, இதை ஏற்க மாட்டோம் என்று பேசியது வெறும் நாடகமல்ல.

பாகிஸ்தானை நினைத்துப் பாருங்கள். உலகப் புகையில் அதன் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே. 2022 வெள்ளத்தில் 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள், 1,700-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், நஷ்டம் 3,000 கோடி டாலருக்கு மேல். இப்படிப்பட்ட இழப்புகளுக்கென்று அந்த வருடமே ஒரு நிதியம் வைக்க முடிவாகி, அடுத்த வருடம் துபாயில் பணம் போடுகிறோம் என்று எல்லா நாடுகளும் சேர்ந்து சொன்ன தொகை சுமார் 70 கோடி டாலர். ஒரு நாட்டின் ஒரே ஒரு வெள்ளத்துக்குக்கூடக் காணாது. போட்டியில் இதைத் தாராளமாகப் பேசலாம், கைதட்டல் நிச்சயம்.

எனக்குக் கோபம் வருவது இதற்கு அடுத்த இடத்தில்.

2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களுக்கு நம் அரசு ஒரு விதி போட்டது. புகைபோக்கியில் வரும் கந்தக வாயுவைக் கழுவி வடிக்கும் கருவியை இரண்டு வருடத்துக்குள் வைக்க வேண்டும் என்று. கெடு தள்ளிப்போனது. திரும்பத் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அது தேவையே இல்லை என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். கவனியுங்கள், கந்தக வாயுவுக்கும் புவி வெப்பமாதலுக்கும் உள்ள உறவு வேறு கதை. இது மின்நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவன் நுரையீரல் விவகாரம். எண்ணூரில் சாம்பல் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தது, மீனும் இறாலும் போனது, அதுவும் அப்படித்தான். இதற்கெல்லாம் லண்டனா பொறுப்பு? ஆனால் உள்ளூரில் யாராவது கேள்வி கேட்டால் உடனே வரும் பதில், “நாம வளர்ற நாடு, அமெரிக்காவைக் கேளுங்க முதல்ல.” ஜெனிவாவில் பேசவேண்டிய வசனத்தை எண்ணூர் மீனவரிடம் பேசுகிறார்கள். பழைய பாக்கியைப் புதுக் கணக்கில் வரவு வைப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

சரி, வளர்ச்சி. அதை நான் லேசாகப் பேசமாட்டேன், ஏனென்றால் கரண்ட் இல்லாத தமிழ்நாட்டைப் பார்த்திருக்கிறேன். 2012-ல் கோவை கணபதிப் பக்கம் ஒரு சின்ன பவுண்டரிக்கு ஆடிட்டுக்குப் போனேன். சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருடம். இண்டக்‌ஷன் உலையில் ஒரு ஹீட் (ஒரு தடவை உருக்கும் இரும்பு) போட்டுப் பாதியில் கரண்ட் போனால், உருகிய இரும்பு உலைக்குள்ளேயே உறைந்துவிடும். அப்புறம் உலையின் உள்பூச்சான லைனிங்கை உடைத்துத்தான் வெளியே எடுக்கணும். நான் போன அன்று இரண்டு பையன்கள் கடப்பாரையும் கையுமாக உலைக்குள் குனிந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நான் பையிலிருந்து மீட்டரை எடுப்பதற்குள் முதலாளி சொன்னார்: “சார், மிச்சம் புடிக்கறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க. எனக்கு ரெண்டு மணி நேரம் சேந்தாப்புல கரண்ட் வரட்டும், அது போதும்.” டீசல் ஜெனரேட்டரில் உலை ஓட்டினால் யூனிட் விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மாதக் கடைசியில் சம்பளத்துக்கு நகையை வைத்தார்.

அவரிடம் போய்ப் ‘புவியைக் காப்போம்’ என்றால் கடப்பாரை நம் பக்கம் திரும்பும். கரண்ட் இல்லாமல் எந்த ஏழையும் மேலே வந்ததில்லை. அதனால் ‘வளர்ச்சியைக் குறைத்துக்கொள்’ என்று இந்தியாவுக்கோ நைஜீரியாவுக்கோ யார் சொன்னாலும் அது அபத்தம். கேள்வி அந்தக் கரண்ட் எதிலிருந்து வரவேண்டும் என்பது மட்டும்தான்.

அந்த வருடங்களில் நமக்குக் கொஞ்சமாவது மூச்சு விட நேரம் கொடுத்தது எது தெரியுமா? மே முடிந்து ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று கிளம்பினால் காற்றாலைகள் சுற்றி மின்வெட்டு சட்டென்று குறையும். அக்டோபரில் காற்று அடங்கினால் திரும்ப இருட்டு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், எங்களுக்கு ஆடிக்காற்றில்தான் மிக்ஸியே ஓடியது.

அந்தக் காத்தாடிகள் எப்படி வந்தன என்பதுதான் விஷயம். 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் அரசு சோதனையாகச் சில காற்றாலைகளை நட்டது. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் அது ஒன்று. அப்புறம் 1990-களில் முப்பந்தல், கயத்தாறு, உடுமலை என்று வரிசையாக எழுந்தவற்றுக்குப் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் ஸ்பின்னிங் மில் முதலாளிகள். காலநிலை என்ற சொல்லையே அவர்களில் பலர் அப்போது கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். கரண்ட் கட்டணம் ஏறிக்கொண்டே போனது, காற்றாலை வாங்கினால் அதன் விலை முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாகக் கழித்து வருமான வரி மிச்சம் பிடிக்கலாம், சீசனில் உற்பத்தியாகும் யூனிட்டை மின்வாரியத்தில் ‘பேங்கிங்’ போட்டுவைத்து மற்ற மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது என்றால் அது வரிக் கணக்கு பார்க்கும் ஆடிட்டர்கள் போட்ட விதை. வளர்ச்சியும் பசுமையும் எதிரெதிர்த் துருவம் என்கிற பேச்சு எனக்கு எடுபடாததற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் சோலாரும் காற்றும் மலிவு என்கிறார்களே, எல்லா ஏழை நாடுகளும் ஏன் மாறவில்லை? இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒரு கணக்குப் போடுவோம். நான் எல்லாக் கூட்டத்திலும் இதைக் கரும்பலகையில் எழுதுவேன்.

ஒரு மெகாவாட் சோலார் போட 4 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் வெயிலில் அது வருடத்துக்குச் சுமார் 17.5 லட்சம் யூனிட் தரும். சோலாரில் வாங்கவேண்டிய எரிபொருள் எதுவும் கிடையாது. கிட்டத்தட்ட மொத்தச் செலவும் முதல் நாளே முடிந்துவிடுகிறது. அந்த 4 கோடியை 20 வருடக் கடனாக வாங்கினால், 4 சதவீத வட்டியில் வருடத் தவணை ஏறக்குறைய 29.5 லட்சம். யூனிட்டுக்கு 1 ரூபாய் 70 பைசா. அதே கடன் 10 சதவீத வட்டியில் என்றால் தவணை 47 லட்சம், யூனிட் 2 ரூபாய் 70 பைசா. 15 சதவீதம் என்றால் 64 லட்சம், யூனிட் 3 ரூபாய் 65 பைசா. தகடு அதே தகடு, சூரியன் அதே சூரியன். வட்டி மட்டும்தான் வேறு. முதல் வட்டி ஐரோப்பாவில் கிடைக்கக்கூடியது, இரண்டாவது நம் ஊர், மூன்றாவது ஆப்பிரிக்காவில் பல நாடுகளின் நிலைமை.

நிலக்கரி நிலையத்துக்கும் வட்டி உண்டு. ஆனால் அதன் செலவில் பெரும்பங்கு எரிபொருள். அதை வண்டி வண்டியாக, மாதா மாதம், பயனீட்டாளரிடம் வசூலித்தே கட்டிக்கொள்ளலாம். கையில் மொத்தப் பணம் இல்லாதவன் சில்லறைக்கு வாங்குவான், அதிகமும் கொடுப்பான். மாத மளிகையை மொத்தமாக வாங்க முடியாமல் தினம் கால் கிலோ வாங்குகிற வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாடுகளும் அப்படித்தான். ஆகவே ஏழை நாட்டுக்குப் பணக்கார நாடு செய்யவேண்டிய முதல் காரியம் அறிவுரை சொல்வதோ மரக்கன்று நடுவதோ கிடையாது, நீண்ட காலத்துக்குக் குறைந்த வட்டியில் பணம். பழைய பாக்கியை அவர்கள் தீர்க்க உருப்படியான வழி அது ஒன்றுதான் என்பது என் எண்ணம். அதைக் கேட்கவேண்டிய இடத்தில் நாம் பொத்தாம்பொதுவாக ‘காலநிலை நீதி’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பணம் உள்ளவர்கள் காத்திருக்கமாட்டார்கள் என்பதற்கும் பாகிஸ்தானே சாட்சி. கரண்ட் கட்டணம் எகிறியதால் 2024-ல் ஒரே வருடத்தில் 17 ஜிகாவாட் (17,000 மெகாவாட்) அளவுக்குச் சீனத் தகடுகள் அங்கே இறக்குமதியாயின. பெரிய அரசுத் திட்டம் எதுவும் இல்லை, மாநாடும் இல்லை. வசதியானவர்கள் வீட்டு மாடியிலும், விவசாயிகள் போர் கிணற்றுப் பக்கத்திலும் போட்டுக்கொண்டார்கள். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அவர்கள் விலகிக்கொண்டதும், ஏற்கெனவே கட்டிவைத்த மின்நிலையங்களின் கடன் சுமை தகடு வாங்க முடியாதவர்கள் பில்லில் போய் உட்கார்ந்தது. திட்டம் போடாமல் வரும் பசுமையும் ஏழையைத்தான் அடிக்கும்.

சோலார் பக்கமே பேசிக்கொண்டு போனால் என்னை நீங்கள் நம்பக்கூடாது. இருட்டிய பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு முழுப் பதில் இன்னும் நம் கையில் இல்லை. 2024 மே 2-ந் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் மத்தியானம் சோலார் கைகொடுக்கும். ராத்திரி பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது சோலார் பூஜ்யம், காற்று சீசன் இன்னும் தொடங்கியிருக்காது. அனல் நிலையத்தை மத்தியானம் அணைத்துச் சாயங்காலம் பற்றவைக்கவும் முடியாது. கொதிகலன் என்பது கேஸ் அடுப்பு கிடையாது. ஓரளவுக்குக் கீழே இறக்கினால் எரிவதே தடுமாறும், திரும்பச் சூடேற்றப் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் 2025 நடுவில் இந்தியாவின் நிறுவுதிறனில் (எல்லா நிலையங்களும் முழுசாக ஓடினால் தரக்கூடிய அளவில்) பாதி நிலக்கரி, எரிவாயு போன்றவை அல்லாதவை என்று நாம் பெருமையாகச் சொன்ன அதே நேரத்தில், உண்மையில் உற்பத்தியான கரண்டில் ஏறக்குறைய 70 சதவீதம் நிலக்கரியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

வழி இல்லாமலும் இல்லை. ஆழியாறு மேலே காடம்பாறையில் 1980-களின் இறுதியிலேயே 400 மெகாவாட் நீரேற்று நிலையம் கட்டினார்கள். மிச்சக் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, வேண்டியபோது கீழே விட்டு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. அந்தக் காலத்தில் அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அதே மாதிரி நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட், வருடக்கணக்காக இழுத்துக்கொண்டே போகிறது. பேட்டரி விலை மடமடவென்று இறங்கி, 2024 இறுதியில் பேட்டரியோடு சேர்ந்த சோலாருக்கு யூனிட் மூன்றரை ரூபாய் அளவில் ஏலம் முடிந்திருக்கிறது. புதிதாகக் கட்டும் அனல் நிலையத்துக் கரண்ட் இந்த விலைக்கு வராது. பத்து வருடத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

நிலக்கரியை விடுவதில் இன்னொரு சிக்கல், அது எங்கெல்லாம் பின்னிக்கிடக்கிறது என்பது. ரயில்வேயின் சரக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. அதில் வரும் லாபத்தில்தான் நம்முடைய இரண்டாம் வகுப்பு டிக்கெட் இவ்வளவு மலிவாக இருக்கிறது. ஜார்க்கண்டில் பல மாவட்டங்களில் சுரங்கம் மூடினால் டீக்கடையும் மூடும். தென்னாப்பிரிக்காவில் கோமாட்டி என்ற பழைய அனல் நிலையத்தை 2022 அக்டோபரில் மூடி, அதைப் பசுமை மாற்றத்துக்கு முன்மாதிரி என்று காட்டினார்கள். மாற்று வேலை வந்துசேருவதற்குள் அந்த ஊர் காலியாகத் தொடங்கிவிட்டது. அந்த நாட்டுக்கு 850 கோடி டாலர் தருகிறோம் என்று 2021-ல் கைகோத்த நாடுகளில் அமெரிக்கா 2025-ல் கையை விட்டும் விட்டது. அடுத்தவன் பணத்தை நம்பித் தேதி குறித்தால் இப்படித்தான்.

இலங்கையில் நடந்தது இதைவிட மோசம். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். இயற்கை விவசாயம், சுற்றுச்சூழல், ஆரோக்கியம் என்று காரணம் சொன்னார்கள். உள்ளே டாலர் தட்டுப்பாடு இருந்தது எல்லோருக்கும் தெரியும். வன்னியிலும் மட்டக்களப்பிலும் பொலன்னறுவையிலும் வயலில் இறங்கியவர்களை யாரும் கேட்கவில்லை. நவம்பரில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் அதற்குள் பெரும்போக (முக்கியப் பருவ) நெல் கைவிட்டுப்போயிருந்தது. இன்றைக்கும் எங்காவது பசுமைத் திட்டம் என்று பேச்செடுத்தால், “இலங்கையைப் பார்த்தீர்களா?” என்பார்கள். எதை மாற்றுகிறோம் என்பதைவிட எத்தனை பருவம் அவகாசம் கொடுக்கிறோம், நஷ்டம் வந்தால் யார் தாங்குவது என்பதையே நான் முதலில் கேட்பேன். அதே நாட்டில் திருகோணமலைச் சம்பூரில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாட் அனல் நிலையத்தை 2016-ல் கைவிட்டார்கள். அங்கே 2025-ல் 120 மெகாவாட் சோலாருக்கு வேலை தொடங்கியது. இடையில் ஒன்பது வருடம்.

டாலர் தட்டுப்பாட்டைப் புத்திசாலித்தனமாகக் கையாண்ட நாடும் உண்டு. எத்தியோப்பியாவில் பெட்ரோல் கிடையாது, நீர்மின்சாரம் நிறைய. 2024-ல் பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே நிறுத்திவிட்டார்கள், மின்சாரக் கார் மட்டும்தான். அதற்குக் காரணம் பனிக்கரடி மேல் உள்ள பாசம் கிடையாது. எண்ணெய்க்குப் போகும் டாலர்.

நம் நாட்டிலேயே சத்தமில்லாமல் நடந்தது எல்.இ.டி. பல்பு. 2014 தொடக்கத்தில் அரசு மொத்தக் கொள்முதலில் ஒரு பல்பு 310 ரூபாய். கோடிக்கணக்கில் ஒரே ஏலமாகக் கேட்டார்கள். மூன்று வருடத்துக்குள் 38 ரூபாய். 36 கோடிப் பல்புக்கு மேல் போயிற்று. யாரும் இருட்டில் உட்காரவில்லை, யாரும் தியாகம் செய்யவில்லை. அடுத்தது சீலிங் ஃபேன். உங்கள் வீட்டில் சுற்றுவது பழைய ஃபேன் என்றால் 75 வாட் இழுக்கும். குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த புது பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினால் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 97 யூனிட் குறையும். 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எப்படிக் குதிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இங்கேயும் அதே கதை, புது ஃபேன் விலை அதிகம், கையில் காசு இருப்பவர்தான் மாற்றுவார். பல்புக்குச் செய்ததை ஃபேனுக்கும் அதே வேகத்தில் செய்யலாமே என்று நான் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

ஏற்றுமதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஐரோப்பிய யூனியன் 2026 ஜனவரி முதல், இரும்பு, அலுமினியம், சிமெண்ட் போன்றவற்றின் இறக்குமதிக்கு அவற்றைச் செய்ய ஆன கரிப்புகையைக் கணக்கிட்டுக் காசு கேட்கிறது. போல்ட்டு, நட்டுக்கூட அதில் உண்டு. ரியோவில் ஒப்புக்கொண்டதற்கு இது நேர் விரோதம் என்று நாம் சண்டை போடுவது சரிதான். ஆனால் சண்டை முடியும்வரை ஆர்டர் காத்திருக்காது. இப்போதெல்லாம் என்னை ஆடிட்டுக்குக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர், வெளிநாட்டு பையர் கரிப்புகைக் கணக்கு கேட்டு அனுப்பிய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போன் செய்கிறார்கள்.

கடைசியாக எங்கள் ஊருக்கு வருகிறேன். துறைமுகத்துப் பக்கம் 1979 முதல் ஓடும் அனல் நிலையம், 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட். ஒடிசா நிலக்கரி பாராதீப்பிலிருந்து கப்பலில் வரும். அந்தப் பக்கம் முள்ளக்காடு. இடையில் உப்பளம். உப்பளத்துக்காரர்களுக்கு வெயில்தான் மூலதனம். அந்த வெயிலே இப்போது ஆளைத் தள்ளுகிறது. காலை நாலு மணிக்கே பாத்தியில் இறங்கிப் பத்து மணிக்குள் கரையேறிவிடப் பார்க்கிறார்கள். வெப்பத்தால் 2030-ல் இந்தியா இழக்கப்போகும் வேலை நேரம் 5.8 சதவீதம், அதாவது 3.4 கோடி முழுநேர வேலைக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-லேயே கணித்தது. அந்த எண்ணுக்குள் எங்கள் உப்பளமும் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்யவேண்டியதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. தாமிரபரணி ஏரல் கடைத்தெருவுக்குள் வந்தது. அம்பாரமாகக் குவித்துப் பனையோலை போட்டு மூடிவைத்திருந்த உப்பு கரைந்து கடலுக்கே போனது. ஒரு தனி மழையைத் தூக்கி அப்படியே காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டக்கூடாது. கடலும் காற்றும் ஒரு டிகிரி சூடேறினால் காற்று 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும், அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும், அவ்வளவுதான் சொல்லலாம். ஆனால் உப்பு முதலாளியின் பேரேட்டில் அந்த நஷ்டம் ஏறிவிட்டது. ‘முதலில் வளர்ச்சி, அப்புறம் காலநிலை’ என்கிறவர்கள் அந்த ‘அப்புறம்’ ஏற்கெனவே வந்துவிட்டதைக் கவனிக்கவில்லை.

அதே மாவட்டத்தில், காயல்பட்டினத்திலிருந்து கொஞ்ச தூரம் தெற்கே உடன்குடியில் 660 மெகாவாட் வீதம் இரண்டு புது அனல் யூனிட்கள் எழுந்து நிற்கின்றன. தூத்துக்குடிக்கு வடக்கே 2025 ஆகஸ்டில் வியட்நாம் கம்பெனி ஒன்றின் மின்சாரக் கார் ஆலை திறந்தது. அந்தக் காருக்கு ராத்திரி சார்ஜ் ஏற்றப்போகும் கரண்டில் உடன்குடிப் புகையும் இருக்கும். உடன்குடியை இடிக்கச் சொல்வீர்களா என்று உங்களை மடக்கினால், மாட்டேன் என்றே சொல்லுங்கள். கடன் வாங்கிக் கட்டியாயிற்று, சாயங்கால நேரத்துக்கு அது இன்னும் பத்து இருபது வருடம் வேண்டும், கந்தகத்தைக் கழுவும் கருவியோடு ஓடட்டும். பக்கத்தில் அடுத்ததுக்கு நிலம் அளக்க வந்தால் வேண்டாம் என்பேன். அந்தப் பணத்துக்குக் குந்தாவை முடிக்கலாம், கயத்தாற்றிலிருந்து வெளியே போகும் உயரழுத்த லைனைப் பலப்படுத்தலாம். காற்று நன்றாக அடிக்கும்போது கரண்டைக் கொண்டுபோக லைன் இல்லாமல் காத்தாடியை நிறுத்தச் சொல்லும் போன் வரும் பாருங்கள், அதைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

அதனால் நீங்கள் ‘வளர்ச்சிதான் முதலில்’ என்ற பக்கத்திலேயே தைரியமாகப் பேசலாம், நிலக்கரிக்கு வக்காலத்து வாங்காமலே. எவ்வளவு நேரம் கொடுப்பார்கள்? ஐந்து நிமிடம்தான் என்றால் ரியோ, கோபன்ஹேகன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த 4 கோடி ரூபாய் வட்டிக் கணக்கை மட்டும் எழுதிக் காட்டுங்கள். தவணைத் தொகையை நீங்களே ஒருமுறை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள், நடுவர்களில் யாராவது வங்கிக்காரர் இருந்தால் கட்டாயம் கேட்பார்.